அம்புலியும் அட்டவணையும்

பிள்ளைத்தமிழ் நடத்தும் தமிழாசிரியர்கள் எல்லோரும் ஒரு கதை வைத்திருப்பார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த ஒரு பிள்ளை ஐந்து வயது வரை வாய் திறக்கவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் விரதம் கிடந்தார்கள். முருகன் அருளில் பிள்ளை பேசியது. பேசிய வாயோடு கந்தர் கலிவெண்பாவையும் பாடியது. அந்தப் பிள்ளைதான் குமரகுருபரர். பதினேழாம் நூற்றாண்டில் தருமபுரம் மாசிலாமணி தேசிகரிடம் தீட்சை பெற்று, காசிக்குப் போய் மடம் நிறுவி, பிள்ளைத்தமிழ் என்றாலே நினைவுக்கு வரும் புலவராக ஆனவர். அவர் வழியில் வந்த காசி மடம்தான் தஞ்சை மாவட்டத்துத் திருப்பனந்தாளில் இருக்கிறது.

வகுப்பில் இந்தக் கதையை நான் ரசித்து ரசித்துச் சொல்வேன். ஒருமுறை வகுப்புக்கு வெளியிலும் சொன்னேன். திருப்பனந்தாள் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை மகள், இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, இவன் இன்னும் அம்மான்னுகூடச் சொல்லலை. டாக்டர்கிட்டக் காட்டலாமா?" நான் சிரித்தேன். "குமரகுருபரர் அஞ்சு வயசுலதாம்மா பேசினார். மடத்து ஊர்ல இருந்துக்கிட்டு நீ பயப்படலாமா?" திண்ணையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பையனின் அப்பாயி, "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்" என்று என் பேச்சுக்கு முத்திரை வைத்தாள்.

நான்கு வயது நெருங்கும்போதுதான் தெரிந்தது, அவனுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை என்று.

கதையைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் அதற்குப் பிறகு என் பாடநூலை நான் வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். குழந்தை வளர்வதை மாதம் மாதமாகப் பார்த்து வைத்த நூல்வகை ஒன்று நம்மிடம் தொள்ளாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அதே வேலையைச் செய்யும் ஒரு தாள் அட்டவணை 1991இல் திருவனந்தபுரத்தில் வெளியானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு நாங்கள் திண்ணையில் எதைத் தவறவிட்டோம் என்பது தெரிகிறது.

முதலில் நம்முடையது. பெரியாழ்வார் பாசுரங்களிலேயே கண்ணன் கவிழ்ந்து ஆடுவதும் கை கொட்டுவதும் நிலாவைக் கூப்பிடுவதும் வந்துவிட்டாலும், பத்துப் பருவமாக வகுத்த முழு நூல் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ். பாட்டுடைத் தலைவன் இரண்டாம் குலோத்துங்கன். 1133 முதல் 1150 வரை சோழ நாட்டை ஆண்டவன். ஆகவே இது காவிரிக் கரையில் ஊன்றிய பயிர் என்று உரிமை கொண்டாடலாம். பின்னால் திருவாவடுதுறை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலம் வரை இந்தப் பக்கத்தில் அது விளைந்துகொண்டே இருந்தது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற ஏழும் இருபால் பிள்ளைக்கும் பொது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர் என்று மூன்று. பெண்பிள்ளைக்கு அவற்றுக்குப் பதில் அம்மானை, நீராடல், ஊசல். கழங்கு வருவதும் உண்டு. பருவத்துக்குப் பத்துப் பாட்டு, மொத்தம் நூறு.

எந்தப் பருவம் எந்த மாதத்தில் என்பதற்கு, சிற்றிலக்கியங்களின் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களில் கணக்கு உண்டு. நூலுக்கு நூல் மாறும். சில நூல்கள் ஐந்தாம் ஆண்டு, ஏழாம் ஆண்டு வரை நீட்டும். ஒரு கணக்கு மிகவும் சிக்கனமானது. மூன்றாம் மாதத்தில் தொடங்கி, ஒற்றைப்படை மாதங்களாக ஏறி, இருபத்தோராம் மாதத்தில் முடியும். மூன்றில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி.

திருவனந்தபுரத்து அட்டவணையைச் செய்தவர்கள் குழந்தை மருத்துவர் எம்.கே.சி. நாயரும் அவருடைய குழுவினரும். அங்குள்ள மருத்துவக் கல்லூரியின் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவானது. டி.டி.எஸ்.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். பிறப்பு முதல் இரண்டு வயது வரை பதினேழு செயல்கள். முகம் பார்த்துச் சிரிப்பதில் தொடங்குகிறது. பேனாவைக் கண்ணால் தொடர்வது, கழுத்து நிற்பது, குப்புற விழுவது, சத்தம் வந்த பக்கம் திரும்புவது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுவது என்று ஏறிப்போய், பொம்மையின் கண் மூக்கைத் தொட்டுக் காட்டுவதில் முடிகிறது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கறுப்புப் பட்டை. அதன் இடது ஓரம் நூற்றில் 3 குழந்தைகள் அதைச் செய்துவிடும் வயது. வலது ஓரம் 97 குழந்தைகள் செய்துவிடும் வயது. குழந்தையின் வயது இருக்கும் இடத்தில் பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துபோன பட்டை ஏதாவது இருந்து, அந்தச் செயலைக் குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து, ஐந்தாறு நிமிடம் போதும். அங்கன்வாடி டீச்சர் செய்யலாம் என்பதற்காகவே எளிமையாக வடித்தார்கள்.

பதினேழும் புதிதாகக் கற்பித்தவை அல்ல. அமெரிக்காவில் நான்சி பெய்லி வகுத்த அளவுகோலை எடுத்து, பரோடாவில் பிரமிளா பாடக் இந்தியக் குழந்தைகளை நீண்ட காலம் பின்தொடர்ந்து கண்ட வயதுக் கணக்கிலிருந்து பொறுக்கியவை. இந்த இடத்தில் ஒரு தஞ்சாவூர்க்காரனுக்குச் சின்னப் பெருமை. 1880இல் தஞ்சை மராட்டியக் குடும்பத்துப் பெண் பரோடா மகாராஜா சாயாஜிராவுக்கு வாழ்க்கைப்பட்டபோது, சீரோடு சதிர்க் கலைஞர்களும் இங்கிருந்து போனார்கள். நூறு வருஷம் கழித்து பரோடாவிலிருந்து கணக்கு திரும்பி வந்திருக்கிறது. கடன் தீர்ந்தது.

இனி இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கலாம்.

முதல் வியப்பு சப்பாணி. ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. அட்டவணையின் நடுவாக்கில் அச்சாக அதுவே நிற்கிறது. பெரியவர் கைதட்டக் குழந்தையும் தட்ட வேண்டும். சப்பாணி என்ற சொல்லை நம் பேச்சில் கால் முடங்கியவருக்கு ஆக்கிவிட்டோம்; பாட்டியலில் அது உள்ளங்கைகள் சேரும் மகிழ்ச்சி. கைதட்டில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். முதுகு சாயாமல் உட்கார வேண்டும். இரண்டு கையும் உடலின் நடுக்கோட்டில் வந்து சந்திக்க வேண்டும். எதிரே இருப்பவர் செய்வதைப் பார்த்து அதையே செய்யத் தோன்ற வேண்டும். தசையும் கண்ணும் மனமும் ஒரே நேரத்தில் தேர்வு எழுதுகின்றன. ஒட்டக்கூத்தரும் நாயரும் இந்த ஒரு செயலைத் தவறாமல் பொறுக்கியிருப்பது தற்செயல் இல்லை. குழந்தையை உண்மையாகப் பார்த்தவர் எவர் கண்ணுக்கும் அது படும்.

செங்கீரையில் விவகாரம் வருகிறது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்திக் கீரைத்தண்டு காற்றில் ஆடுவதுபோல் ஆடுவது. பாட்டியல் சொல்வது ஐந்தாம் மாதம். அப்படியே தவழ்தல் என்று எடுத்துக்கொண்டால் அது மிக முந்திய கணக்கு. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், கையும் முழங்காலும் ஊன்றித் தவழும் வயது 5.2 மாதம் முதல் 13.5 மாதம் வரை விரிகிறது. அதில் 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் அப்படித் தவழவே இல்லை. நேரே எழுந்து நின்றுவிட்டார்கள். குப்புறக் கிடந்து கையூன்றி நெஞ்சை உயர்த்துவது மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஐந்தாம் மாதம் பொருந்தும். திருவனந்தபுரத்து அட்டவணையில் தவழ்தலுக்கு இடமே இல்லை. அமெரிக்காவிலும் 2022இல் திருத்திய மைல்கல் பட்டியலிலிருந்து தவழ்தலை எடுத்துவிட்டார்கள். கவிஞனுக்கு அது அழகு. அளப்பவனுக்கு அது நம்பகமில்லாத சாட்சி.

இதில்தான் முதல் பெரிய வேறுபாடு வெளிப்படுகிறது. பிள்ளைத்தமிழ் ஒரு பருவத்துக்கு ஒரு மாதம் சொல்கிறது. அட்டவணை ஒரு செயலுக்கு இரண்டு வயது சொல்கிறது, முந்தியது ஒன்று, பிந்தியது ஒன்று. நடந்து வா என்று அழைக்கும் வருகைப் பருவம் பதின்மூன்றாம் மாதம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் தனியே நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது, நம் பிள்ளை பதினான்கு ஆகியும் நடக்கவில்லை என்று தூக்கமில்லாமல் கிடக்கும் தாய்க்கு அந்த இரண்டாவது எண்தான் ஆறுதல். பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால், இன்னும் பொறுப்போம் என்று சொல்ல விடாமல் தடுப்பதும் அதே எண்தான்.

நம் வீடுகளிலும் கணக்கு இருந்தது. கும்பகோணத்துப் பக்கம் பிள்ளை குப்புற விழுந்தால் ஒரு பலகாரம், நிலைப்படி தாண்டினால் ஒரு பலகாரம் செய்து அண்டை அயலுக்குக் கொடுப்பார்கள். அது வெறும் கொண்டாட்டம் என்று நினைத்திருந்தேன். தெரு முழுக்க வாயில் போட்டு வைத்த பதிவேடு அது என்பது பிறகுதான் புரிந்தது. 'குறுவை அறுப்புக்கு இவ குப்புத்துக்கிட்டா, சம்பா நடவுக்குப் படி தாண்டிட்டா' என்று பத்து வருஷம் கழித்தும் சொல்லக் கிழவிகள் இருந்தார்கள். ஆனால் பலகாரம் வராத வீட்டைப் பற்றி அந்தப் பதிவேடு ஒன்றும் சொல்லாது. யாரும் போய், 'ஏன் இன்னும் கொழுக்கட்டை வரலை?' என்று கேட்பதில்லை. நாகரிகம் தடுக்கும்.

பிள்ளைத்தமிழிலும் இதே மௌனம்தான். அதன் தலைவன் கடவுள், அல்லது அரசன், அல்லது அடியார். பிற்காலத்தில் காந்தியடிகள் மீதும் பாடினார்கள். எந்தப் பிள்ளைத்தமிழிலும் பிள்ளை ஒரு பருவத்தைத் தவறவிட்டதில்லை. செங்கீரை ஆடு என்றால் ஆடும். வா என்றால் வரும். வராத பிள்ளைக்கு அந்த நூலில் பாட்டு கிடையாது. அட்டவணை முழுக்க முழுக்க வராத பிள்ளைக்காகவே வரைந்தது. எல்லாம் சரியாகச் செய்யும் குழந்தைக்கு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

அதற்காக அட்டவணை ஜெயித்தது என்று முடிவு கட்டவேண்டாம். பிள்ளைத்தமிழ் காப்பில் தொடங்குகிறது. பிள்ளை எதையும் செய்து காட்டும் முன்பே, திருமால் முதலாக எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுக் காவல் கேட்கிறது. சிசு மரணம் வாசலில் நின்ற காலத்துத் தாயின் பயம் அது. அட்டவணை சிரிப்பில் தொடங்குகிறது. ஆனால் பேறுகாலத்தில் என்ன நடந்தது என்று கேட்காமல் எந்த மருத்துவரும் அட்டவணையைத் தொடுவதில்லை. பிறந்ததும் அழுததா? எடை என்ன? மஞ்சள்காமாலை முற்றியதா? வலிப்பு வந்ததா? சொந்தத்தில் கட்டிய திருமணமா? இவையும் ஒருவகைக் காப்புப் பருவம்தான். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொள்ளும் நம் பக்கத்தில் பிறவிச் செவிக்குறைக்கு அந்த உறவும் ஒரு காரணம் என்பதை நாங்கள் யாரும் அன்று திண்ணையில் நினைத்துப் பார்க்கவில்லை.

மாதம் எண்ணுவதில் ஒரு நுட்பம் உண்டு; பாட்டியலில் அது இல்லை. எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, முந்திப் பிறந்த நாட்களைக் கழித்துத்தான் வயது பார்க்க வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்தது என்றால், முதல் பிறந்தநாளன்று அதனிடம் பத்து மாதக் குழந்தையின் வேலையைத்தான் எதிர்பார்க்கலாம். இரண்டு வயது வரை இந்தக் கழிவு உண்டு. இது தெரியாமல் அட்டவணையை வைத்துக்கொண்டு பயமுறுத்தியவர்களும் இருக்கிறார்கள்.

அட்டவணைக்கு ஊர் தெரியாத இடங்களும் உண்டு. சாமான்களைப் பிடித்து எழுந்து நிற்கிறதா என்று கேட்கும். கூரை வீட்டில் பிடிப்பதற்கு அம்மாவின் முந்தானையும் நடுத்தூணும்தான் இருக்கும். கையைப் பிடித்தால் மாடிப்படி ஏறுகிறதா என்று கேட்கும். திண்ணைக்கு இருக்கும் ஒற்றைப் படியைத் தவிர வேறு படியையே பார்க்காத குழந்தை தஞ்சை மாவட்டத்தில் ஏராளம். நடவுக்குப் போன இடத்தில் வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டிக் கிடத்திவிட்டுப் போகிறார்கள். நாளில் பாதியைத் தூளியில் கழிக்கும் பிள்ளைக்குக் குப்புற விழ இடம் ஏது? நல்ல அங்கன்வாடி டீச்சர் இதையெல்லாம் தானே மாற்றிக்கொள்வார். ஒருவர் சின்ன உருண்டையை எடுக்கச் சொல்வதற்குப் பதில் தரையில் இரண்டு நெல்பொரியைப் போட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கூடி அதைக் கொத்தி எடுத்ததும் தாளில் ஒரு கோடு போட்டார். அட்டவணைக்குச் சோழநாட்டு உரை எழுதியவர் அவர்.

அட்டவணையின் பெரிய ஓட்டை பேச்சில் இருக்கிறது. பதினேழில் பேச்சுக்கு நேராக உள்ளது ஒன்றே ஒன்று: இரண்டு சொல் சொல்வது. அதனால்தான் அதே மையத்தார் பேச்சுக்கும் மொழிக்கும் தனியாக ஓர் அளவை பிறகு செய்ய வேண்டியதாயிற்று. எண்களையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். இந்த அட்டவணை, உண்மையிலேயே பின்தங்கிய குழந்தைகளில் 66.7 விழுக்காட்டினரைப் பிடிக்கும், பின்தங்காதவர்களில் 78.8 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும். வேறு விதமாகச் சொன்னால், பின்தங்கிய மூன்று பிள்ளைகளில் ஒன்று தப்பிவிடும். நல்லபடி வளரும் ஐந்தில் ஒன்று வீணாக மாட்டிக்கொள்ளும். களத்தில் நெல் தூற்றுவதை உவமையாகச் சொல்ல ஆசைதான். வேண்டாம், பதர் என்று இங்கே ஒதுக்குவதற்கு எவரும் இல்லை. சல்லடை வேறு, மரக்கால் வேறு என்று மட்டும் சொல்லலாம்.

மரக்கால் என்பது முழு மதிப்பீடு. அதற்கு டாசி என்ற அளவை இருக்கிறது. இதுவும் பரோடாவில் பாடக் செய்ததுதான். அசைவுக்கு 67, அறிவு வளர்ச்சிக்கு 163 என்று 230 செயல்கள். பயிற்சி பெற்ற உளவியலாளர், அமைதியான அறை, பசி ஆறிய குழந்தை எல்லாம் வேண்டும். இருபது மாதப் பிள்ளை பதின்மூன்று மாத வேலையைச் செய்தால் வளர்ச்சி ஈவு 65 என்று வரும். 70க்குக் கீழ் போனால் பின்தங்கல் என்கிறார்கள். ஆனால் அந்த ஒற்றை எண்ணைவிட, எந்தப் பக்கம் முந்துகிறது, எந்தப் பக்கம் பிந்துகிறது என்பதுதான் முக்கியம். எல்லாப் பக்கமும் மெதுவான பிள்ளை வேறு. நடை சரியாக இருந்து பேச்சு மட்டும் வராத பிள்ளை வேறு. வந்த பேச்சை மறந்துபோன பிள்ளை இன்னும் வேறு. அப்படிப்பட்டதை எந்த வயதிலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அட்டவணை தடுமாறும் இடத்தில் பிள்ளைத்தமிழ் எனக்குப் பெரிதாகத் தெரிவது அம்புலிப் பருவத்தால். பிள்ளைத்தமிழ் பாடுபவனுக்கு அம்புலி புலி என்பது புலவர்களின் வாய்ச்சொல். நிலாவைப் பிள்ளையோடு விளையாட வா என்று சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு வழியிலும் அழைக்க வேண்டும். நீயும் அவனும் ஒன்று, வந்தால் இது கிடைக்கும், உனக்கும் அவனுக்கும் இவ்வளவு தூரம், வராவிட்டால் பார் என்று பத்துப் பாட்டு. புலமைக்குச் சோதனை. ஆனால் முற்றத்தில் நடப்பதைப் பாருங்கள். தாய் விரல் நீட்டுகிறாள். பிள்ளை விரலைப் பார்க்காமல், விரல் போகும் வழியில் நிலாவைப் பார்க்கிறது. பிறகு தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது: நீயும் பார்க்கிறாயா? இன்னும் சில மாதம் போனால் பிள்ளையே விரல் நீட்டுகிறது. எடுத்துத் தா என்று கேட்பதற்காக அல்ல, சேர்ந்து பார்ப்பதற்காக.

இருவர் ஒரு பொருளைச் சேர்ந்து பார்க்கும் இந்தத் திறன் ஒன்றேகால், ஒன்றரை வயதில் இல்லாமல் இருப்பது ஆட்டிசத்தின் தொடக்க அடையாளங்களில் முக்கியமானது. பதினாறு மாதம் முதல் முப்பது மாதம் வரையான குழந்தைகளுக்கு எம்-சாட் என்னும் இருபது கேள்விப் பட்டியல் உலகெங்கும் புழங்குகிறது. அதில், சுவாரசியமான ஒன்றைக் காட்டப் பிள்ளை விரல் நீட்டுகிறதா, நீங்கள் காட்டினால் அந்தப் பக்கம் பார்க்கிறதா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்ற கேள்விகள் இருக்கின்றன. முதல் இரண்டும் அம்புலிப் பருவம். மூன்றாவது வருகைப் பருவம். திருவனந்தபுரத்துப் பதினேழில் இது எதுவும் இல்லை. அதில் குழந்தை பெரும்பாலும் தனியே நிற்கிறது: நடக்கிறது, எறிகிறது, ஏறுகிறது. பிள்ளைத்தமிழில் குழந்தை ஒருபோதும் தனியே இல்லை. முத்தம் கேட்க ஒருத்தி இருக்கிறாள்; எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கெஞ்சத் தெருச் சிறுமியர் இருக்கிறார்கள். இன்றைய மருத்துவர்கள் சமூக வளர்ச்சி என்று ஒரு தலைப்பில் தேடுவதைப் பாட்டியல்காரர் பருவம்தோறும் பின்னி வைத்திருக்கிறார். இதைக் கவிதை என்று மட்டும் படித்தது எங்கள் தொழிலின் பிழை.

இப்படிப் பார்த்தால், அன்று நான் சொன்ன கதையையே இன்னும் சரியாகச் சொல்லியிருக்கலாம். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்பது மரபு. ஆனால் பேசிய உடனே கந்தர் கலிவெண்பா பாடினார் என்றால், அதுவரை அந்தக் காதில் தமிழ் இடையறாமல் விழுந்துகொண்டிருந்திருக்க வேண்டும். கேட்டுப் புரிந்துகொள்ளும் பேச்சு வேறு, வாயால் சொல்லும் பேச்சு வேறு. மருத்துவர் முதலில் பிரித்துப் பார்ப்பது இதைத்தான். பேசாத பிள்ளை சொன்னதைச் செய்கிறதா? விளக்கு எங்கே என்றால் அந்தப் பக்கம் பார்க்கிறதா? தங்கை மகளின் பையன் பார்க்கவில்லை. நாங்கள் அதைக் 'குறும்பு' என்றோம். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். நாக்கில் ஒன்றும் இல்லை. குறை காதில் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. குமரகுருபரர் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடியது வைத்தீசுவரன் கோயிலில். அங்கே அப்பன் பேரே வைத்தியநாதன். முருகன் வைத்தியர் வீட்டுப் பிள்ளை. அதற்கு ஆறேழு கிலோமீட்டரில் சீர்காழி, மூன்று வயதில் பாடியதாகச் சொல்லும் ஞானசம்பந்தரின் ஊர். மூன்றில் பாடிய பிள்ளை ஒருபுறம், ஐந்து வரை பேசாத பிள்ளை மறுபுறம். டெல்டாவின் தாய்மார் இந்த இரண்டு அற்புதங்களுக்கும் நடுவில் தங்கள் பிள்ளையை வைத்துப் பார்க்கிறார்கள். அற்புதங்கள் அளவுகோல் ஆகமாட்டா.

அளவுகோல் எதுவென்றால் சாதாரணக் குழந்தைகள். ஒரு வயதுக்குள் மழலையும் சைகையும் வர வேண்டும். பதினாறு மாதத்தில் ஒரு சொல்லாவது வர வேண்டும். இரண்டு வயதில், 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்க வேண்டும். வராவிட்டால் முதல் வேலை செவிச் சோதனை. காது கேட்காததைப் பிறந்த ஒரு மாதத்துக்குள் சலித்து, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்க வேண்டும் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. எங்கள் பையனுக்கு நான்கு வயது. பேச்சு உள்ளே இறங்கும் ஆண்டுகளில் பெரும்பகுதியை ஒரு நகைச்சுவைக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொண்டு, பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். 'மாமா' என்பது அவன் வாயில் 'பாபா' என்று வருகிறது.

இந்தியாவில் ஐந்து இடங்களில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையான குழந்தைகளைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்கு மூளை, நரம்பு வளர்ச்சி சார்ந்த குறை ஏதாவது ஒன்று இருந்தது. செவிக்குறையும் அந்தக் கணக்கில் உண்டு. தஞ்சாவூர் அந்த ஐந்தில் இல்லை. இருந்தாலும், ஒரு அங்கன்வாடிப் பாயில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் எண்ணிப் பாருங்கள்.

வழி இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். பிறவிக் குறை, நோய், சத்துக்குறை, வளர்ச்சித் தாமதம் என்று நான்கையும் பார்க்க வேண்டும். அவர்கள் சந்தேகப்பட்டு அனுப்பும் பிள்ளைகளுக்காக மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. பேச்சு, இயன்முறை, உளவியல், செவி எல்லாம் ஒரே கூரையின் கீழ், காசில்லாமல். சிறு குழந்தைகளுக்கு உட்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சையும் முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்கிறது. குழு வரும் நாளில் பிள்ளையை நடவு வயலுக்குத் தூக்கிப் போய்விடாமல் இருக்க வேண்டும். அப்பாயி, 'எம்புள்ளைக்கு என்ன குறை?' என்று வாசலில் மறிக்காமல் இருக்க வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைத்தமிழ் நடத்தும்போது அம்புலிப் பருவத்தில் ஒரு பாடவேளை கூடுதலாக நில்லுங்கள். உங்கள் எதிரே இருக்கும் மாணவிகள் பத்து வருஷத்தில் தாய்மார் ஆவார்கள். நிலாவைக் காட்டினால் பிள்ளை எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். குமரகுருபரர் கதையையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். ஆனால் பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு யாராவது கேட்டால், செவிச் சோதனை முடிந்த பிறகு சொல்லுங்கள்.